இரண்டு பாபுக்களும் ஓர் அச்சாவும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று உங்கள் மேலாளர் டெல்லி துவாரகாவில் என் வீடு தேடி வந்து கேட்டார். "பசங்களுக்கு ஊக்கம் தர்ற மாதிரி எழுதுங்க சார்" என்றார். என்னிடம் ஊக்கம் ஸ்டாக் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்ததில் என்னிடம் மிஞ்சியது சந்தேகம் ஒன்றுதான். அதில் வேண்டுமானால் ஒரு பங்கு தருகிறேன்.

பேச்சோடு பேச்சாக அவர் தன் லேப்டாப்பைத் திறந்து, நீங்கள் செய்துகொண்டிருக்கும் ஏஜென்ட் என்னும் புரோகிராம்களைக் காட்டினார். ஒன்று சரக்கு இருப்பைப் பார்க்கிறது, ஒன்று ஆர்டரை எடுக்கிறது, ஒன்று வண்டி அனுப்புகிறது. யாரும் ஏவ வேண்டாம். தானே விழித்து, தானே பார்த்து, தானே முடிவெடுக்கிறது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "ஒண்ணு செய்யறது இன்னொண்ணுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "அதுக்கென்ன சார், ஒண்ணுக்கொண்ணு ஓகே சொல்லிக்கும்" என்றார் அவர் சர்வ சாதாரணமாக.

அவர் போனதும் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. டெல்லியில் அரசு ஊழியர்களுக்குக் குடியிருப்பு ஒதுக்கித் தரும் ஓர் அலுவலகம். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், நான் பென்ஷன் வாங்குகிறவன். டெல்லிக்கு மாற்றலாகி வந்தபோது கைக்குழந்தையாக இருந்தது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும், வீட்டு வரிசையில் அப்பாவின் பெயர் அப்போதும் பாதி வழியில் நிற்கும். அப்படிப்பட்ட காலம். அதனால் யாருக்கு வீடு கிடைத்தாலும் ஊர் முதலில் கேட்கும் கேள்வி, "எப்படிக் கிடைத்தது?" எங்கள் குமாஸ்தா ஒருவர் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தால்கூட, யாருக்கு எந்த வீட்டைக் கொடுத்தார் என்று காண்டீனில் பேச்சு ஓடும்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் ஒரு முடிவுகட்ட எங்கள் டைரக்டர் ஆசைப்பட்டார். நல்ல மனிதர், ஆனால் மனிதர்களை நம்பாத நல்ல மனிதர். "கை படாத ஒதுக்கீடு வேண்டும்" என்றார். கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்கு மட்டும் ஏர்கண்டிஷன் அறை, எங்களுக்கு மின்விசிறி. புரோகிராம் எழுத இரண்டு பேர். ஒருவன் நான், திருச்சிக்காரன். இன்னொருவர் திவாரி, லக்னோக்காரர்.

நாங்கள் எழுதிய புரோகிராம்களுக்கு நாங்களே வைத்த பெயர் பாபு, டெல்லியில் குமாஸ்தாவை அழைக்கும் சொல். அரசாங்க அலுவலகத்தில் பாபு என்ன செய்கிறார்? தன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். தட்டில் ஃபைல் வந்தால் பார்க்கிறார், ஓரத்தில் ஓர் எழுத்துக் கிறுக்கிக் கையெழுத்துப் போடுகிறார், திரும்பத் தட்டில் வைக்கிறார். பக்கத்து மேஜைக்காரரோடு பேச வேண்டிய அவசியமே இல்லை. ஃபைலில் அவர் போட்ட கிறுக்கலைப் பார்த்து இவர் தன் வேலையைச் செய்துவிடுவார். எங்கள் புரோகிராம்களும் அப்படித்தான். கம்ப்யூட்டருக்குள் ஒரு பொதுப்பட்டியல் வைத்தோம், காலி வீடுகளின் பட்டியல். ஒவ்வொரு பாபுவும் அவரவர் நேரத்துக்கு விழிப்பார், பட்டியலைப் பார்ப்பார், வேண்டியதைச் செய்வார், தூங்கிவிடுவார்.

நான் எழுதியவர் வரிசை பாபு. பட்டியலில் காலி வீடு இருந்தால், காத்திருப்போர் வரிசையில் முதலில் நிற்பவருக்கு அதைக் கொடுப்பது அவர் வேலை. திவாரி எழுதியவர் அவசர பாபு. நோயாளிகள், வயதானவர்கள், கால் முடியாதவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கு வரிசையை மீறிக் கீழ்வீடு கொடுப்பது அவர் வேலை. அவசர பாபு சில மாதம் கழித்துத்தான் பணியில் சேர்ந்தார். அதுவரை வரிசை பாபு தனியாளாக ராஜாங்கம் நடத்தினார், ஒரு புகார் இல்லை.

இரண்டு பேரும் ஒரே பட்டியலைப் பார்த்தால் ஒரே வீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடக் கூடாதே? அதற்கு நானும் திவாரியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். வாசலில் வேப்பமரத்தடி டீக்கடையில் நின்றபடியே. கையில் இருந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"அவசர பாபு ஒரு வீட்டைப் பார்த்தால் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடட்டும்" என்றேன்.

"என்ன எழுத்து?"

"ஏ போடலாம். அச்சாவுக்கு ஏ."

திவாரி சிரித்தார். சரி என்பதுபோல "அச்சா" என்றார். நானும் "அச்சா" என்றேன். கண்ணாடித் தம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனோம். எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஓர் எழுத்தில் எழுதி வைக்க என்ன இருக்கிறது?

அவசர பாபு வேலைக்கு வந்து அரை வருடம் இருக்கும். டைரக்டருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன, எல்லாமே மாடி வீடுகள், உங்கள் அலுவலகத்தில் யாரோ பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று. கோடையில் மொட்டை மாடியில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுக்க முடிந்தவன்தான் டெல்லியில் பாக்கியவான். மாடி வீட்டுக்கு எத்தனை கிராக்கி என்பது எல்லாருக்கும் தெரியும். பதுக்குகிறவன் மாடியைத்தான் பதுக்குவான். கடிதம் எழுதியவன் கணக்குச் சரியாக இருந்தது.

டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். நான் என் மாத அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தேன். அதன்படி கிட்வாய் நகரில் ஒரு வீடுகூடக் காலி இல்லை. ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். பூட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. அதுவும் எல்லா மாடியும் இல்லை. ஒரு மாடிக்கு ஒழுங்காக ஆள் குடிவந்திருக்கிறது, பக்கத்து மாடி பூட்டிக் கிடக்கிறது. பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்த மாதிரி. இது மனிதக் கை இல்லாமல் வேறென்ன?

"புரோகிராமில் தப்பு இருக்க முடியுமா?" என்று டைரக்டர் கேட்டார்.

"சான்ஸே இல்லை சார்" என்றேன். என் வாழ்க்கையில் யோசிக்காமல் சொன்ன பதில்களில் தலையாயது அதுதான். புரோகிராமில் இல்லையென்றால் கையில். எங்கள் இருவரை விட்டால், கம்ப்யூட்டரைத் தொடும் கை எங்கள் பிரிவில் ஒன்றுதான் இருந்தது.

வசந்தா. காலியாகும் வீடுகளின் விவரத்தைத் தட்டச்சு செய்து உள்ளே ஏற்றும் வேலை அவளுக்கு. திருநெல்வேலிப் பக்கம். அந்தத் தளத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நானும் அவளும் மட்டுமே. டப்பாவைத் திறந்தால் புளிக்குழம்பு வாசனையில் கண்டுபிடித்துவிடலாம். அவள் கணவர் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தார். கரோல் பாக்கில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களுடைய ஐந்து வயதுப் பெண்ணுக்கு மூச்சிரைப்பு. ஈரச் சுவர் உள்ள அந்த அறையை விட்டு முதலில் வெளியேறுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூச்சிரைப்பு அவசர பாபுவின் நோய்க்கணக்கில் வராது, அதனால் வசந்தாவும் அரசு வீட்டுக்கான சாதாரண வரிசையில்தான் இருந்தாள், ஏறக்குறைய தலைமாட்டிலேயே. பல மாதமாகப் பெயர் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

ஊழல் புகார்களை விசாரிக்கிற விஜிலன்ஸ் அதிகாரி ஒருவர் வந்தார். ஓய்வுபெறும் வயது, சத்தம் போடாத குரல், எதிரே இருப்பவரின் முகத்தைவிடக் கைகளையே அதிகம் பார்க்கும் கண்கள். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. வந்த அன்றே வசந்தாவின் மேஜை இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். அதில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. நோட்டில் கிட்வாய் நகர் வீட்டு எண்கள், ஏழு. ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் ஏதோ எழுதியிருந்தது.

பூட்டிக் கிடந்த வீடுகளும் ஏழு. அதே ஏழு.

அவருக்குத் தமிழ் தெரியாது. என்னைக் கூப்பிட்டார். வசந்தா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்ததைப் பார்த்தேன். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவன் வந்துவிட்டான், இனிக் கவலையில்லை என்று நினைத்தாள் போலும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே 'பூட்டு' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து. அதை நான் கவனிக்கவில்லை. அதிகாரி 'பூட்டு' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

தாலா என்று சொல்லியிருக்கலாம். ஹிந்தியில் பூட்டுக்கு அதுதான் பெயர். இந்த வீட்டுக் கதவில் ஒரு பூட்டுத் தொங்குகிறது, நான் பார்த்தேன், அவ்வளவுதான் அவள் எழுதியது. நான் சொன்னது, "பந்த் கியா." பூட்டிவைத்தது, பூட்டிவைத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இத்தனை வருடம் கழித்து உங்களிடம் பூசி மெழுக என்ன இருக்கிறது! பயம். அந்த ஏழு வீட்டையும் அவள் பூட்டவில்லை என்றால் என் புரோகிராம் பூட்டியிருக்கிறது. எனக்கு அவள் மேல் உண்மையாகவே சந்தேகமும் இருந்தது. வீட்டுக்காகத் தவிப்பவள், பூட்டிய வீடுகளின் பட்டியலை ரகசியமாக வைத்திருக்கிறாள். பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தவள் கதைதான். கள் வாசனை வருகிறதா என்று நான் மோந்துகூடப் பார்க்கவில்லை.

வசந்தாவுக்கு அலுவலக ஹிந்தி அந்த அளவுக்குப் புரியும். "சார், நான் எங்க பூட்டுனேன்? பூட்டு கெடந்துச்சுன்னுல்லா எழுதியிருக்கேன்!" என்றாள். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

விசாரணை முடியும்வரை அலுவலகத்துக்கு வரவேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். வீட்டு வரிசையில் அவள் பெயரையும் நிறுத்திவைத்தார்கள். குற்றம் உறுதியானால் வேலை போகும், பெயர் அடித்துவிடப்படும். டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு அவள் போனபோது காண்டீனில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அவர்களில் நான் இல்லை. என் அறையில் இருந்தேன்.

பத்து நாள் போயிருக்கும். விசாரணைக் கடிதத்தில் அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் இருக்கிறது, அவளுடைய மொழியில் விளக்கிச் சொல்லிவிட்டு வா என்று டைரக்டர் என்னையே அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கரோல் பாக் போனேன்.

துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து, செங்குத்தான படி, முதல் மாடியில் அறை. கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். ஒரு பக்கச் சுவர் தரையிலிருந்து தோள் உயரம்வரை கறுத்து, சுண்ணாம்பு உப்பி உதிர்ந்துகொண்டிருந்தது. மேல் வீட்டிலிருந்து இறங்கும் குழாயின் மூட்டில் தண்ணீர் சொட்ட, கீழே பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். கட்டிலில் அந்தக் குழந்தை தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அது மூச்சு விடும் சத்தம் வாசல்வரை கேட்டது. கடிதத்தை வெளியே எடுக்கவே எனக்குக் கை வரவில்லை.

வசந்தா என்னைத் திட்டவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்த நேரம் பார்த்து வீட்டுச் சொந்தக்கார அம்மாள், பஞ்சாபிக்காரர், படியில் இறங்கிப் போனார். வசந்தா ஓடிப்போய்க் குழாயைக் காட்டித் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கெஞ்சினாள். அந்த அம்மாள் தலையை நன்றாக ஆட்டி, "அச்சா, அச்சா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

"அப்பாடா, சரி பண்ணித் தரேன்னுட்டாங்க இல்ல?" என்றேன். ஏதாவது ஆறுதலாகப் பேச வேண்டியிருந்தது.

வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எங்க சார் சொன்னா? அச்சான்னுல்லா சொன்னா. எட்டு மாசமா இதேதான் சொல்லுதா. மொதல்ல நானும் ஒங்கள மாதிரிதான், சரின்னுட்டா, நாளைக்கு ஆள் வந்துரும்னு காத்துக் கெடந்தேன். பெறவுதான் வெளங்குச்சு. அவ அச்சான்னா செய்யுதேன்னு அர்த்தமில்ல. நீ சொன்னது காதுல விழுந்துச்சு, அம்புட்டுதான்."

நான் கடிதத்தை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன்.

அவளே தொடர்ந்தாள். "சார், ஒண்ணு கேக்கணும். எம்பேரு வரிசையில நகரவே இல்லியேன்னுதான் ஞாயித்துக்கெழம தோறும் கிட்வாய் நகர் போயி எந்தெந்த வீடு பூட்டிக் கெடக்குன்னு எழுதுனேன். பெறவு நம்ம கம்ப்யூட்டர்ல அந்த வீட்டையெல்லாம் பாத்தா, எல்லாத்துக்கும் நேரா ஏ-ன்னு ஒரு எழுத்து போட்டிருக்கு. அதையும் நோட்டுல பக்கத்துலயே எழுதியிருந்தேன். நீங்க வாசிக்கும்போது பாக்கலியா? அந்த ஏ-ன்னா என்ன சார்?"

"அச்சா" என்றேன்.

கையெழுத்து வாங்காமலே எழுந்து வந்துவிட்டேன். என்ன கேட்டேன், என்ன சொன்னேன் என்று ஒன்றும் நினைவில்லை. அந்தக் குழந்தையின் மூச்சுச் சத்தம் மட்டும் பஸ் ஏறும்வரை கூடவே வந்தது.

மறுநாள் காலை திவாரி டிபன் பையைக்கூட வைக்கவில்லை, அவரைப் பிடித்துக்கொண்டேன். "உன் பாபு ஒரு வீட்டுக்கு ஏ போட்டால் அதற்கு அர்த்தம் என்ன?"

"இதென்ன கேள்வி? தேக் லியா." பார்த்தாச்சு. "கீழ்வீடு என்றால் எடுத்துக்கொண்டு பட்டியலை விட்டே தூக்கிவிடுவார். மாடி வீடு என் நோயாளிகளுக்கு எதற்கு? பார்த்தாச்சு, எனக்கு வேண்டாம், நீ எடுத்துக்கோ என்று ஏ போட்டுவிட்டுப் போய்விடுவார். ஏன், உன் பாபு ஏ-யைப் பார்த்தால் என்ன நினைப்பார்?"

"லே லியா" என்றேன். எடுத்தாச்சு.

எல்லாம் விளங்கிவிட்டது. அவசர பாபு முந்தி விழித்த நாட்களில் மாடி வீட்டைப் பார்த்து, எனக்கு வேண்டாம் என்று ஏ போட்டார். பின்னால் விழித்த வரிசை பாபு அந்த ஏ-யைப் பார்த்து, அவர் எடுத்துக்கொண்டார், நாம் தொடக்கூடாது என்று மரியாதையாக விலகிப் போனார். வரிசை பாபு முந்தி விழித்த நாட்களில் மாடி வீடு ஒழுங்காகப் போனது. அதனால்தான் ஒரு மாடிக்கு ஆள், ஒரு மாடிக்குப் பூட்டு. என் மாத அறிக்கையும் ஏ போட்ட வீட்டையெல்லாம் கொடுத்தாகிவிட்டது என்றே எண்ணியது. திவாரியின் ஊரில் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. இரண்டு கனவான்கள், பெஹ்லே ஆப், பெஹ்லே ஆப், முதலில் நீங்கள் ஏறுங்கள் என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருக்க, ரயில் போய்விட்டதாம். சொல்லவே வேண்டியிருக்கவில்லை, இரண்டு பேருக்கும் அதுதான் மனதில் ஓடியது.

திவாரி கதவைச் சாத்தினார். "அரே பாய், இப்போதே ஏழு ஏ-யையும் அழித்துவிடுவோம். மத்தியானத்துக்குள் வீடெல்லாம் போய்விடும். நாம் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? இந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் பதுக்கினார்கள் என்பார்கள். அந்தப் பெண் மேல் வேறு சாட்சி இல்லை, கேஸ் தானாகவே ஊசிப்போகும்."

திவாரி கெட்டவர் இல்லை. இரண்டு பெண்களின் கல்யாணம் அவர் தலைமேல் இருந்தது. அவர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மையில்லை. சாட்சி இருந்தது. பந்த் கியா என்று நான் சொன்ன சாட்சி. அது ஃபைலில் ஏறிவிட்டது. வீடுகள் எல்லாம் போய்விட்டால், அவளை அனுப்பியதும் வீடு கிடைக்க ஆரம்பித்துவிட்டது பார் என்று ஊர் சொல்லும். அதைவிட நல்ல சாட்சி அவளுக்கு எதிராக யாராலும் செய்துதர முடியாது.

இவ்வளவும் தெரிந்தும் அன்று நான் டைரக்டரிடம் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. நான் சொல்வதை இந்த இடத்தில் கூர்ந்து கேளுங்கள். தவறு தெரிந்த பிறகு நான் இழுத்தடித்த அந்த இரண்டு நாள்தான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் வெட்கமானது. மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்தேன். ஏ என்ற எழுத்தில் தவறு, என்னுடையது. மொழிபெயர்ப்பில் தவறு, அதுவும் என்னுடையது.

டைரக்டர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நீயும் மதராசி, அவளும் மதராசி" என்றார்.

"சார்..."

"பத்து நாளாக இந்த ஞானம் வரவில்லை. அவள் வீட்டுக்குப் போய்விட்டு வந்ததும் வந்துவிட்டது. அங்கே என்ன பேசினீர்கள்?"

நான் விதைத்ததுதானே. பொய் சொன்னபோது ஒரு கேள்வி கேட்காமல் நம்பியவர், உண்மை சொன்னபோது என்னைச் சந்தேகப்பட்டார். கோபம் வந்தது எனக்கு, ஆனால் கோபப்பட என்ன தகுதி? "சோதித்துப் பார்த்துவிடலாம் சார். நானும் தொடமாட்டேன், திவாரியும் தொடமாட்டார். நீங்கள் நம்புகிற கை எதுவோ அது தட்டச்சு செய்யட்டும்" என்றேன்.

விஜிலன்ஸ் அதிகாரியை வரவழைத்தார்கள். அவர் அதற்கு முன் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். இல்லாத ஒரு மாடி வீட்டை, இல்லாத ஒரு தெருவில், ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டிப் பட்டியலில் ஏற்றினார். நானும் திவாரியும் கைகளைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றோம். அவசர பாபுவை முதலில் எழுப்பச் சொல்லி டைரக்டரே உத்தரவிட்டார். பாபு விழித்தார். திரையில் அந்த வீட்டுக்கு நேராக ஏ வந்து உட்கார்ந்தது. பிறகு வரிசை பாபு விழித்தார், பட்டியலில் கீழேயும் மேலேயும் உள்ள வீடுகளைப் பார்த்தார், இந்த வீட்டைத் தாண்டிப் போனார். மறுபடி எழுப்பினார்கள். மறுபடி தாண்டிப் போனார். சாயங்காலம்வரை எழுப்பினாலும் அப்படியேதான் போயிருப்பார்.

அதிகாரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், கை எங்கே என்று தேடினார் போலிருக்கிறது. "தோ பாபு, இரண்டு பாபு. இருவருமே கண்ணியமானவர்கள். வேலை மட்டும் நடக்கவில்லை" என்றார். டைரக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அந்த மனிதர் என்னைத் தனியே கூப்பிட்டார். "மனிதர்களைச் சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இயந்திரத்தைச் சந்தேகப்படுவதற்கு உனக்குச் சம்பளம் தருகிறார்கள். நீ உன் வேலையைச் செய்யாமல் என் வேலையைச் செய்தாய்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்த ஆள் ஒரு அறை விட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

வசந்தா திரும்பி வந்தாள். ஏ-யை எடுத்துவிட்டு நானும் திவாரியும் இரண்டு எழுத்துகள் வைத்தோம், பார்த்தாச்சு என்பதற்கு ஒன்று, எடுத்தாச்சு என்பதற்கு வேறொன்று. இந்த முறை டீக்கடையில் இல்லை. காகிதத்தில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, வசந்தாவிடம் கொடுத்து வாசித்துப் புரிகிறதா என்று சொல்லச் சொன்னோம். அவள் மூன்று இடத்தில் புரியவில்லை என்றாள். மூன்றும் மாற்ற வேண்டிய இடங்கள்தான்.

உங்கள் ஏஜென்ட்கள் சண்டை போட்டால் கவலைப்படாதீர்கள். சண்டை சத்தம் கேட்கும், ஓடிவந்து பார்ப்பீர்கள். ஒன்றுக்கொன்று இணக்கமாகத் தலையாட்டிக்கொண்டு, அறிக்கையும் சுத்தமாக வந்துகொண்டிருந்தால், அன்றைக்கு எழுந்துபோய்த் தெருவைப் பாருங்கள். வசந்தா பார்த்தாள். எழுதியவர்களான நாங்கள் பார்க்கவில்லை. எது கோணினாலும் கீழே இருப்பவர் கை என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும், அப்போது அந்தக் கையில் ஒரு நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் முழுக்க வாசியுங்கள்.

நிறுத்திவைத்த பெயரை அதே இடத்தில் திரும்பப் போட்டதால், வசந்தாவுக்கு வீடு சீக்கிரமே வந்துவிட்டது. கிட்வாய் நகர், மாடி. வரிசை பாபு கொடுத்தது, யார் கையும் படாமல். அவள் நோட்டில் இருந்த ஏழில் நான்காவது எண். குடிபோகும் அன்று சாமான் தூக்க நானும் போனேன். கணவர் கீழே டெம்போவிலிருந்து கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தார். குழந்தை மொட்டை மாடிக்குப் போகும் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. வசந்தா கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். அத்தனை மாதம் மழையிலும் வெயிலிலும் கிடந்து பூட்டு துருவேறியிருந்தது. ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து சாவித் துவாரத்தில் சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள்.

அவளிடம் அதுவரை நான் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. ஃபைலில் எழுதியதோடு சரி. அன்று சொன்னேன்.

"வசந்தா, அன்னிக்கு அந்த வார்த்தைய நான் தெரிஞ்சேதான் தப்பா சொன்னேன். பயத்துல சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவள் திரும்பவில்லை. சாவியை உள்ளே விட்டு இப்படியும் அப்படியும் திருப்பினாள். இத்தனை நாளில் என்னிடம் தமிழ் தவிர ஒரு சொல் பேசாதவள், பூட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அச்சா."